புரியாத எழுத்தெல்லாம் ரகசியம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் தொழில்நுட்ப இணைப்பில் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சான்றிதழை யார் தருகிறார்கள், காலாவதியானால் உலாவி ஏன் எச்சரிக்கிறது, அந்த எச்சரிக்கையை மீறி ஏன் உள்ளே போகக் கூடாது என்பதையெல்லாம் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் இரண்டு இடங்களில் தவறு இருக்கிறது. சான்றிதழ்க் கோப்பைத் திறந்தால் தெரிகிற புரியாத எழுத்துகள் "குறியாக்கம் செய்யப்பட்ட ரகசியம்" என்று எழுதியிருப்பது ஒன்று. இன்னொன்று ஓரத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்த குறிப்பு: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, சான்றிதழையோ, சர்வரின் சாவி இருக்கும் கீ கோப்பையோ அப்படியே நகலெடுத்து, புரியாத எழுத்தைப் பிரித்துக் காட்டும் இலவச டீகோடர் தளம் ஒன்றில் ஒட்டிப் பாருங்கள் என்கிறது அது.

முதலாவது புரிதல் பிழை. இரண்டாவதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே செய்தால், அவருடைய நிறுவனத்தின் சர்வர் சாவி யாரென்றே தெரியாத ஒருவர் கையில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன், கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஈரோட்டில் சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 17 வருடமாக இருக்கிறேன், இந்தக் கோப்புகளோடு புழங்காத வாரம் எனக்கு இல்லை.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் என்ன தெரியும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே ஐந்து சிறு கோடுகள், பிகின் சர்டிஃபிகேட் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி, மறுபடி ஐந்து கோடுகள். அப்புறம் வரிக்கு 64 எழுத்தாக, பெரியதும் சின்னதுமாக ஆங்கில எழுத்துகள், எண்கள், நடுநடுவே கூட்டல் குறியும் சாய்கோடும். கடைசி வரி முடிகிற இடத்தில் சில நேரம் ஒன்றோ இரண்டோ சமக்குறி. கீழே அதே மாதிரி எண்ட் சர்டிஃபிகேட் என்று முடிவு வரி. பார்த்தால் உளவாளிகளின் சங்கேத மொழி மாதிரிதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் ரகசியம் எதுவும் இல்லை. பேஸ்64 என்கிற முறையில் எழுத்து மாற்றி எழுதியது, அவ்வளவுதான். அதைத் திருப்பி எடுக்க பாஸ்வேர்டு வேண்டாம், சாவி வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நம் வாசகர்களில் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அப்போது ஒவ்வொரு இதழும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. திஸ்கி என்று ஒரு முறை, 1999-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாப், டாம் என்று இரண்டு முறைகள், இவை போக வெளியில் பெயரே தெரியாத எத்தனையோ. சரியான எழுத்துரு கணினியில் இல்லையென்றால் பக்கம் முழுக்க ஐரோப்பிய எழுத்துகளின் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த மாதிரி ஏதோ ஒன்று தெரியும், ஒரு சொல் படிக்க முடியாது. அதற்காக அந்தச் செய்தியை யாராவது பூட்டி வைத்திருந்தார்கள் என்று அர்த்தமா? எழுத்துருவை இறக்கி நிறுவினால் யாரும் படிக்கலாம். அதைத்தான் அன்று தமிழ்க் கணிமை ஆட்கள் குறியேற்றம் என்றார்கள். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு அட்டவணை. பேஸ்64-ம் அதே வகை அட்டவணைதான். மறையாக்கம் என்பது வேறு, அதில் சாவி இல்லாதவனால் திறக்க முடியாது. குறியேற்றத்தில் சாவி என்ற பேச்சே கிடையாது.

சிக்கல் என்னவென்றால் தமிழில் பலர் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை, குறியாக்கம் என்பதை, புழங்குகிறோம். நான் பார்த்த கல்லூரிக் குறிப்புகளில் ஒரு பக்கத்தில் அது என்கோடிங், அடுத்த பக்கத்திலேயே என்கிரிப்ஷன். உங்கள் கட்டுரையாளரும் அங்கேதான் சறுக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் இந்தச் சொல் குழப்பம் வெறும் சொல் குழப்பமாக நிற்பதில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த சமயம். ஒரு ஜவுளிக் கடையின் விற்பனைத் தளத்துக்குச் சான்றிதழ் புதுப்பிக்கும் வேலை. எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இரவு பதினோரு மணிக்கு அதை சர்வரில் ஏற்றியிருக்கிறார், சர்வர் எழவில்லை. சாவியும் சான்றிதழும் பொருந்தவில்லை என்று பிழை. கடைக்காரர் ஒரு பக்கம் போன் செய்துகொண்டே இருக்கிறார். இவர் பதற்றத்தில் தேடி, இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபார்த்துத் தருவதாகச் சொல்லும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்து, சான்றிதழை ஒரு கட்டத்திலும் பிரைவேட் கீ என்கிற ரகசியச் சாவியை இன்னொரு கட்டத்திலும் ஒட்டிவிட்டார். பொருந்தவில்லை என்றது. போன வருடத்துக் கீயை எடுத்துவிட்டோம் போல என்று சரியான கீ கோப்பைத் தேடி எடுத்து அதையும் ஒட்டினார். பொருந்துகிறது என்றது, தளம் ஓடியது, எல்லோரும் தூங்கப் போனார்கள். காலையில் டீ குடிக்கும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பதறியதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணா, அது என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கு, யாருக்கும் படிக்க முடியாதே" என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் நம்பியிருந்தார்.

அந்தத் தளம் கெட்ட தளம் என்று நான் சொல்லவில்லை. அதன் சொந்தக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஒட்டியதை அடுத்த நொடியே அழித்திருக்கலாம். ஆனால் அது நமக்குத் தெரிய வழியே இல்லை. சர்வரின் பதிவேட்டில் விழுந்திருக்கலாம், இடையில் உள்ள ஏதோ ஒரு விளம்பர நிரல் வாசித்திருக்கலாம். பிரைவேட் கீ விஷயத்தில் தெரியவில்லை என்றாலே போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கீ கையில் இருப்பவர் வாடிக்கையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்தால் அந்தக் கடையின் தளமாகவே தன்னைக் காட்டிக்கொள்ள முடியும், உலாவி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அன்று காலையே புதுக் கீ உண்டாக்கி, புதுச் சான்றிதழ் வாங்கி ஏற்றிவிட்டு, பழையதை ரத்து செய்யச் சொல்லி எழுதினோம். கீ வெளியே போனது உறுதியானால் சான்றிதழ் கொடுத்த நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குள்ள பொது விதி. ஒரு நாள் வேலையோடு முடிந்தது. தம்பி அன்று டீ கடையில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

சரி, ஏன் இப்படிப் புரியாத எழுத்தாக எழுதி வைத்தார்கள் என்று வாசகர்கள் கேட்பார்கள். அதற்கு மின்னஞ்சலின் பழைய கதைக்குப் போக வேண்டும். இந்தக் கோப்பு வடிவத்துக்கு பெம் என்று பெயர், பிரைவசி என்ஹான்ஸ்டு மெயில் என்பதன் சுருக்கம். அஞ்சலைப் பாதுகாப்பாக அனுப்ப 1987-ல் தொடங்கி 1993-ல் முழு வடிவம் பெற்ற ஒரு திட்டம் அது, இணைய விதிமுறைகளை எழுதி வைக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 1421 முதல் 1424 வரை நான்கு ஆவணங்கள். அந்தக் கால அஞ்சல் சர்வர்கள் சாதாரண ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகக் கடத்தாது, எட்டு பிட் (0 அல்லது 1) சேர்ந்தது ஒரு பைட், இடையில் ஏதாவது ஒரு இயந்திரம் அதன் எட்டாவது பிட்டை வெட்டிவிடும், வரியின் நீளத்தை மாற்றிவிடும். அதனால் எந்த இயந்திரமும் சிதைக்காத 64 குறிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கி அனுப்பினார்கள். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், பத்திரமாகப் போய்ச் சேரும். அந்த அஞ்சல் திட்டம் பரவவே இல்லை, ஆனால் அதன் உறை மட்டும் பிழைத்துக்கொண்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற மென்பொருள்கள் சான்றிதழையும் சாவியையும் அந்த உறையிலேயே போட்டு வைக்கப் பழகி, நகலெடுத்து ஒட்ட வசதியாக இருந்ததால் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பழக்கத்தை முறைப்படி எழுதி வைத்த ஆர்எஃப்சி 7468 வந்ததே 2015-ல்தான், அதாவது 22 வருடம் எல்லோரும் பார்த்துப் பார்த்து எழுதிய வடிவம் இது. ஒரு மென்பொருள் எழுதிய கோப்பை இன்னொரு மென்பொருள் சில நேரம் ஏற்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ரகசியம் இல்லை என்பதற்கு ஒரு சின்ன கணக்கு. பேனாவும் காகிதமும் போதும், என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டுவது இதைத்தான். ஆர்எஸ்ஏ என்கிற பரவலான முறையில் அமைந்த சான்றிதழையோ கீயையோ திறந்து பாருங்கள், உள்ளே எழுத்துகள் அநேகமாக எம், ஐ, ஐ என்று தொடங்கும். ஏன் எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி தொடங்க வேண்டும்? பேஸ்64 அட்டவணையில் ஏ என்பது 0, பி 1 என்று எண்ணிக்கொண்டே போனால் ஐ 8, எம் 12. ஒவ்வொன்றையும் ஆறு பிட்டாக எழுதினால் 001100, 001000, 001000. இவற்றைச் சேர்த்து எட்டெட்டாக வெட்டினால் முதல் பைட் 00110000, இரண்டாவது 10000010, கடைசியில் இரண்டு பூஜ்யம் மிச்சம். பதினறும எண்ணில் சொன்னால் 30, 82. இந்த 30 என்பது, சான்றிதழுக்குள் விவரங்களை அடுக்கும் டெர் என்கிற விதிப்படி, இங்கிருந்து பல பொருள்கள் அடுக்கிய ஒரு தொகுப்பு தொடங்குகிறது என்ற அடையாளம். 82 என்பது, தொகுப்பின் நீளத்தை அடுத்த இரண்டு பைட்டில் சொல்கிறேன் என்ற அறிவிப்பு. நான்காவது எழுத்து ஈ என்றால் அதன் எண் 4, மிச்சமிருந்த இரண்டு பூஜ்யத்தோடு சேர்ந்து அடுத்த பைட் 04 ஆகிறது, நீளத்தின் முதல் பைட் என்பதால் இதை 256-ஆல் பெருக்க வேண்டும், அதாவது உள்ளே 1,024 பைட்டுக்கு மேல், 1,280-க்குக் கீழே. 2,048 பிட் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ இந்த அளவில்தான் வரும். நான்கு எழுத்தைக் கையால் பிரித்தே இவ்வளவு சொல்ல முடிகிறது. கணினிக்கு முழுக் கோப்பையும் பிரிக்கக் கண் சிமிட்டும் நேரம் கூடத் தேவையில்லை.

அப்படிப் பிரித்தால் சான்றிதழுக்குள் தளத்தின் பெயர், கொடுத்தவர் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், பப்ளிக் கீ, கொடுத்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இவையெல்லாம் இருக்கும். இவை அனைத்தும் ஊருக்கே தெரிய வேண்டியவை. தளத்துக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் சர்வர் தானே அந்தச் சான்றிதழை எடுத்து நீட்டுகிறது, அதனால் அதை எந்த டீகோடர் தளத்தில் ஒட்டினாலும் நஷ்டமில்லை. பிரைவேட் கீ கோப்பு அப்படி இல்லை. ஆர்எஸ்ஏ கீ என்றால் உள்ளே பதிப்பு எண்ணோடு சேர்த்து ஒன்பது முழு எண்கள் வரிசையாக இருக்கும், அதில் அந்தக் கீயை உண்டாக்கிய இரண்டு பெரிய பகா எண்களும் அப்படியே, எந்த மூடலும் இல்லாமல் கிடக்கும். அவற்றை மறைத்து வைப்பதை நம்பித்தான் மொத்தப் பாதுகாப்பும் நிற்கிறது.

ஆகவே கோப்பைத் திறந்ததும் பார்க்க வேண்டியது முதல் வரி. பிகின் சர்டிஃபிகேட், பிகின் பப்ளிக் கீ, பிகின் சர்டிஃபிகேட் ரிக்வெஸ்ட் என்று இருந்தால் கவலை இல்லை. பிரைவேட் கீ என்ற இரண்டு சொல் அந்த வரியில் எங்காவது வந்தால், முன்னால் ஆர்எஸ்ஏ இருந்தாலும், இசி இருந்தாலும், ஓப்பன்எஸ்எஸ்எச் இருந்தாலும், அந்தக் கோப்பு சர்வரை விட்டு நகரக் கூடாது. வாட்ஸ்அப்பில் போகக் கூடாது, மெயிலில் போகக் கூடாது, சாட்பாட்டிடம் பிழையைக் கேட்கும்போது கூடவே ஒட்டக் கூடாது. உண்மையிலேயே மறையாக்கம் செய்த கீ கோப்பும் உண்டு, அதில் என்கிரிப்டட் பிரைவேட் கீ என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். பழைய பாணிக் கோப்புகளில் தலைப்பு சாதாரண ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ என்றே இருந்து, அதற்கடுத்த வரியில் ப்ராக்-டைப் 4, என்கிரிப்டட் என்று வரும். அந்தப் பழைய முறையையும் நம்ப வேண்டாம். பாஸ்வேர்டை எம்டி5 என்கிற பழைய கணக்கு முறையில் ஒரே ஒரு சுற்று சுற்றித்தான் அது மறையாக்கச் சாவியைச் செய்கிறது, இன்றைய கணினி வேகத்துக்கு எளிய பாஸ்வேர்டு அதில் தாங்காது. கோ என்கிற நிரல் மொழியை உருவாக்குபவர்கள் இந்த முறையைத் திறக்கும் வசதியை 2021-ல் வந்த 1.16 பதிப்பிலேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள், அதன் வடிவமைப்பே பாதுகாப்பற்றது என்று காரணமும் எழுதி வைத்தார்கள்.

டீகோடர் தளங்களுக்கு ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கோப்பு திறக்காமல் அடம்பிடிக்கும்போதுதான் ஓடுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அற்பக் காரணங்கள். ஒருவர் சான்றிதழை வேர்டு ஆவணத்தில் ஒட்டி அனுப்புவார், அது ஐந்து சிறு கோடுகளை அழகுபடுத்தி நீளக் கோடாக மாற்றிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் தொடக்க வரியே இல்லை என்று சொல்லிவிடும். விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது சில நேரம் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும், அதற்கும் இதே புகார். இடைநிலைச் சான்றிதழை (சான்றிதழ் கொடுத்தவருக்கே மேலிடம் கொடுத்த சான்றிதழ்) தளத்தின் சான்றிதழுக்குப் பின்னால் சேர்க்கும்போது முதல் கோப்பு புதிய வரியில் முடியாமல் இருந்தால், முடிவுக் கோடு ஐந்தும் தொடக்கக் கோடு ஐந்தும் ஒட்டிக்கொண்டு பத்துக் கோடாக நிற்கும். இன்னொன்று இப்போது அடிக்கடி வருகிறது: நிரலுக்கு அமைப்பு விவரங்களைத் தரும் சூழல் மாறியில் கீயைப் போட்டு வைக்கிறார்கள், புதிய வரி என்பது அங்கே பின்சாய்கோடும் ஆங்கில 'என்' எழுத்துமாக இரண்டு எழுத்தாகி அப்படியே உள்ளே போய்விடுகிறது. போன மாதம் கூட ஒரு மதியம் முழுக்க இதற்காகப் போனது.

இவற்றுக்கு எந்தத் தளமும் வேண்டாம். லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் சாதாரணமாகவே இருக்கிறது, மேக்கில் அதே பெயர்க் கட்டளை (லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற மாற்று மென்பொருள்) இருக்கிறது, அதன் எக்ஸ்509 கட்டளை சான்றிதழின் உள்ளே இருப்பதை மொத்தமாக எழுதிக் காட்டும். கீயிலிருந்து பப்ளிக் கீயை எடுத்துத் தர பிகீ என்ற கட்டளை இருக்கிறது, சான்றிதழில் உள்ள பப்ளிக் கீயையும் எடுத்து இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் பொருத்தம் தெரிந்துவிடும். அன்று இரவு அந்தத் தம்பிக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டு வரிதான். விண்டோஸில் சான்றிதழ்க் கோப்பின் பெயர் .crt அல்லது .cer என்று முடிந்தால் இரண்டு முறை கிளிக் செய்தாலே விவரம் திறக்கும். உங்கள் பெட்டிச் செய்தியில் இதைப் போட்டிருந்தால் எவ்வளவு பேருக்குப் பயன்பட்டிருக்கும்!

மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல ஆசை. இந்தக் கோப்பைப் பார்த்தால் எளிதாகத் தெரிகிறது, முதல் வரியையும் கடைசி வரியையும் நீக்கிவிட்டு நடுவில் இருப்பதை பேஸ்64-லிருந்து மாற்றினால் போதும் என்று பத்து வரியில் எழுதிவிடுகிறார்கள். ஜாவா மொழியில் எழுதுபவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சான்றிதழைப் படிக்க அங்கே வழி இருந்தது, கீ கோப்பைப் படிக்க இல்லை. அதற்கான வசதி மொழிக்குள்ளேயே முன்னோட்டமாக வந்தது 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா பதிப்பான ஜேடிகே 25-ல்தான். ஆனால் அந்தப் பத்து வரி நிரல் ஒரே கோப்பில் மூன்று சான்றிதழ் வந்தால் உடைகிறது, மேலே விளக்க வரி ஏதாவது இருந்தால் உடைகிறது, ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ என்ற தலைப்புக்கும் வெறும் பிரைவேட் கீ என்ற தலைப்புக்கும் உள்ளே அடுக்கு வேறு என்பது அதற்குத் தெரியாது. கோ மொழியின் நூலகம், அதாவது அதனோடு வரும் தயார் நிரல் தொகுப்பு, இதை அழகாகச் செய்கிறது. முதல் துண்டைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு, மிச்சம் உள்ளதையும் தனியாகத் தரும், துண்டுகள் தீரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த நல்ல நூலகங்களே தடுக்கி விழுந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் கோ மொழியின் இதே நூலகத்தில், மிகப் பெரிய பெம் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் நிரல் நினைவிடம் தீர்ந்து விழும் என்று கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒன்று: தலைப்பு இருந்து உள்ளே ஒரு பைட் கூட இல்லாத கோப்பைப் படித்தால், ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தை மறுபடி விடுவிக்க வழி ஏற்பட்டு சர்வர் விழுந்துவிடலாம், பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் அதற்கு சிவிஇ-2022-4450 என்று எண். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் திருத்திய பிழை இன்னும் மோசம், நீள்வட்ட வளைவு என்கிற கீ வகையின் விவரங்களைத் தப்பாக அமைத்த ஒரு சான்றிதழைக் கொடுத்தால் அதைப் பிரிக்கும் நிரல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கையெழுத்து சரியா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் சான்றிதழைப் பிரித்தாக வேண்டும், ஆகவே பிரிக்கும் நிரல் எப்போதும் முன்பின் தெரியாதவர் கொடுத்ததைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பேர் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் நிரலுக்கே இந்த நிலை என்றால், அவசரத்தில் எழுதிய பத்து வரியை நம்பி வாடிக்கையாளர் தரும் கோப்பைத் திறக்கலாமா? நல்ல நூலகத்தை எடுத்துக்கொண்டு அதைப் புதுப்பித்து வைத்திருப்பதுதான் வழி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சர்வர் பக்கம் போகாதவர்களுக்கும் சம்பந்தப்பட்டது. ஜிஎஸ்டிக்கும் அரசு டெண்டருக்கும் நாம் பயன்படுத்தும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கன் இருக்கிறதே, பென்டிரைவ் மாதிரி இருக்கும், அதற்குள்ளும் இதே மாதிரி ஒரு பிரைவேட் கீதான். ஆனால் அந்தக் கீ டோக்கனுக்கு உள்ளேயே உண்டாகி உள்ளேயே இருக்கும், வெளியே நகலெடுக்க விடாது, கையெழுத்து மட்டும் போட்டுத் தரும். அதனால் அதை எந்தத் தளத்திலும் ஒட்ட முடியாது. ஆனால் டோக்கனையே கொடுத்துவிடுகிறோம், பின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டி! கணக்கு பார்ப்பவரின் மேஜை இழுப்பறையில் இப்படிப் பத்துப் பதினைந்து டோக்கன்கள் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு, பிரைவேட் கீயைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் பொறுப்பு என்றும், அது கைமாறிவிட்டது தெரிந்தால் தாமதிக்காமல் சான்றிதழ் கொடுத்தவரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கையெழுத்து போட்ட காசோலைப் புத்தகத்தை யாரிடமும் விட்டுவைக்க மாட்டோம் அல்லவா, அதே கவனம் இதற்கும் வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. இணையதளச் சான்றிதழ்களின் ஆயுளைக் குறைப்பதாக உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் முடிவு செய்தார்கள். 398 நாளாக இருந்த உச்ச வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். வருடம் ஒரு முறை செய்துகொண்டிருந்த வேலை ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வரும். தானியங்கியாக விட்டுவிட்டால் கீயை மனிதக் கை தொட வேண்டிய தேவையே இருக்காது, அது நல்லதுதான். ஆனால் நம் ஊர்களில் கையால் செய்கிற சிறு நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன, அவர்கள் இனி இந்தக் கோப்புகளை அடிக்கடி திறக்கப் போகிறார்கள், அடிக்கடி பிழை வரும், இரவு பதினோரு மணிக்குத் தேடுவார்கள். தேடும்போது தமிழில் முதலில் கிடைப்பது உங்கள் கட்டுரையாக இருக்கலாம்.

ஆகவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: அந்தப் பெட்டிக் குறிப்பை இணையப் பதிப்பிலிருந்து இன்றே எடுத்துவிட்டு, அச்சில் அது வந்த அதே இடத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். என்கோடிங்குக்குக் குறியேற்றம், என்கிரிப்ஷனுக்கு மறையாக்கம் என்று இரண்டு சொல்லையும் பிரித்து எழுதும்படி உங்கள் கட்டுரையாளர்களிடம் சொல்லுங்கள், வேறு சொல் பிடித்திருந்தால் அதுவும் சரிதான், இரண்டுக்கும் ஒன்றே என்பது மட்டும் வேண்டாம். போன வாரக் குறிப்பைப் படித்துவிட்டு ஏற்கெனவே கீயை எங்காவது ஒட்டிவிட்டவர்கள் யாரேனும் இருந்தால் அந்தத் திருத்தத்திலேயே அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். அதே கீயை வைத்துப் புதுச் சான்றிதழ் வாங்கினால் பயனில்லை, சர்வரிலேயே புதுக் கீ உண்டாக்கி, அதற்குச் சான்றிதழ் வாங்கி மாற்றிவிட்டு, பழைய சான்றிதழை ரத்து செய்யச் சொல்லிக் கொடுத்தவருக்கு எழுத வேண்டும். அந்தத் தம்பியும் நானும் செய்தபோது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஈரோடு